பதினாலாம் நம்பர் வளைகுடாவின் மூணாவது அட்டெம்ப்ட்

நான் வேலைக்குச் சேர்ந்தப்போ அந்த வளைகுடா ஏற்கனவே ரெண்டு தடவை ஃபெயிலாகியிருந்துச்சு.

மத்தியதரைக் கடல்ல வளைகுடாவா பிறந்தா எடுத்த எடுப்புல வேலை கிடைக்காது. முதல்ல ட்ரெய்னிங். அப்புறம் கடல் வாரியம் வைக்கற பரீட்சை. பாஸ் பண்ணிட்டா நிரந்தரமாக்கி, எந்த நாட்டுக் கரையில காலியிடம் இருக்கோ அங்க போஸ்டிங் போட்டு அனுப்பிருவாங்க. பாஸ் பண்ற வரைக்கும், வாழ்க்கையில முதல் தடவையா டைவிங் பண்றவங்களை மட்டும்தான் உள்ள விடணும். அதுவும் கரையிலேருந்து நடந்து இறங்குறவங்களை. படகு கூடாது. ஆறு மீட்டருக்கு மேல ஆழம் கூடாது. மூணு தடவை ஃபெயிலானா கல்லைக் கொட்டி மூடி, மேல கார் பார்க்கிங் போட்டுருவாங்க. மால்டாவுல இன்னைக்கு பார்க்கிங்கா இருக்கற இடத்துல பாதி, படிப்பு ஏறாத வளைகுடாதான்.

நம்மாளுக்கு வாரியத்து ரெஜிஸ்டர்ல பேரு 'பயிற்சி வளைகுடா எண் பதினாலு'. நான் பதினாலுன்னு கூப்பிடுவேன். ரெண்டு பக்கமும் மஞ்சள் நிறத்துல சுண்ணாம்புப் பாறை நின்னு காத்தை மறைச்சுக்கும். நடுவுல தண்ணி, தட்டுல ஊத்தி வச்ச ரசம் மாதிரி அசையாம கிடக்கும். வயசு ஒரு எழுநூறு எண்ணூறு இருக்கும். வளைகுடா கணக்குல அது ப்ளஸ் டூ முடிச்ச வயசு.

கரையில சப்பாத்திக்கள்ளிப் புதருக்குப் பக்கத்துல சென்சுவோட டைவிங் கடை. சென்சு அறுபது வயசு மால்டாக்காரரு. வயித்துல ஒரு ஆளை உட்கார வைக்கலாம். அவர் பேசினது மால்டீஸ் கலந்த இங்கிலீஷ்தான், ஆனா எனக்கு எல்லாமே தமிழாத்தான் ஞாபகம் இருக்கு. இன்டர்வியூவுல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"இதுவரைக்கும் எதையெல்லாம் பாதியில விட்டிருக்க?"

நான் வரிசையா சொன்னேன். சேலத்துல இன்ஜினியரிங், நாலாவது செமஸ்டர்ல. கிட்டார் கிளாஸ், ரெண்டாவது கம்பில. மெக்கானிக் ஷாப், ஒரு பைக்கைக் கழட்டினதுக்கும் மாட்டுறதுக்கும் நடுவுல. மால்டாவுக்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வந்து அதை ரெண்டு மாசத்துல.

"பொண்ணு யாரையாவது?"

"இல்லைங்க. அதுல அவ விட்டுட்டா."

"பரவாயில்ல, நாலு விஷயம் போதும். நாளைக்கு வந்துரு"ன்னாரு.

அப்புறம்தான் விஷயம் சொன்னாரு. பதினாலோட மார்க் ஷீட்டைக் காட்டினாரு. தண்ணித் தெளிவு, தொண்ணூத்தாறு. வெப்பம், எண்பது. மீன் பராமரிப்பு, எழுபத்தொண்ணு. அலை, முப்பத்தஞ்சு, அதுவும் வாரியம் பார்த்துப் போட்டது. செய்முறைத் தேர்வுல மட்டும் ரெண்டு தடவையும் முட்டை. செய்முறைன்னா ஒண்ணும் பெரிசில்ல. கடல்ல தலையை நனைக்காத ஒரு ஆளைக் கரையிலேருந்து உள்ள வாங்கணும், சுத்திக் காட்டணும், பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும். பதினாலு முதல் ரெண்டையும் அருமையாப் பண்ணும். மூணாவதுதான் வராது.

ரெண்டாவது அட்டெம்ப்ட்ல ஒரு போலந்து தபால்காரரை உள்ள விட்டிருக்காங்க. காலையில பத்து மணிக்கு இறங்கினவரு சாயங்காலம் நாலு வரைக்கும் கரைக்கு வரல. அவருக்கு ஒண்ணும் ஆகல, காத்து தீரறதுக்குள்ள மேல வந்துட்டாரு. இருக்கற மீனையெல்லாம் மூணு ரவுண்டு காட்டியிருக்கு. அவர் கரையைப் பார்த்து நாலு எட்டு நீந்தினா, இது கரையை நாலு எட்டு தள்ளி வச்சிருக்கு. கடைசியில ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வர, இது அதைக் கேட்டுக்கிட்டு அசந்த நேரத்துல சென்சு கயிறு போட்டு இழுத்துட்டாரு. பரீட்சை மேடம் ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டாங்க. 'அன்பு அதிகம். தகுதி இல்லை.'

"இதுக்கு விடறது எப்படின்னு சொல்லிக் குடுக்கணும். அதுக்கு அனுபவஸ்தன் வேணும்"னாரு சென்சு.

என் வாழ்க்கையில என்னை அனுபவஸ்தன்னு சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்னைக்கே இடுப்பளவு தண்ணியில இறங்கி அறிமுகம் பண்ணிக்கிட்டேன். பதினாலு பேசாது. ஆமான்னா கணுக்காலை ஒரு தடவை இழுக்கும், இல்லைன்னா ரெண்டு தடவை.

"என் பேரு தென்னவன். ஊரு தர்மபுரி. அங்க கடல் கிடையாது, அதனால ஏதாவது தப்பாப் பேசினா மனசுல வச்சுக்காத. எனக்கும் பதினோரு அரியர் இருக்கு."

ஒரு தடவை இழுத்துச்சு. ஏன் படிக்கலைன்னு என்கிட்ட கேக்காத முதல் ஆள் அதுதான்.

பாடம் ஜூன் மாசம் தொடங்குச்சு. முதல் வாரம் செருப்பு. ஒரு ஜோடியை உள்ள விட்டேன், சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தரணும்னு சொன்னேன். மூணாவது நாள் இடது கால் செருப்பைக் கொண்டு வந்து வச்சுச்சு. வலது வேணும்னு கேட்டதுக்கு ரெண்டு தடவை இழுத்துச்சு. ரெண்டாவது வாரம் பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் திருப்பிக் குடுத்துருச்சு, ஆனா உட்கார்ற இடத்துல ஒரு நட்சத்திர மீனை ஒட்டி வச்சுத்தான் குடுத்துச்சு. மூணாவது வாரம் தர்பூசணி. அதைக் குடுக்கற மாதிரி நீட்டும், நான் கையை வச்சா இழுத்துக்கும். இப்படியே மத்தியானம் வரைக்கும் ஓடுச்சு. கடைசியில ரெண்டு பேருமா சாப்பிட்டோம். அது தோலையெல்லாம் வச்சுக்கிச்சு.

"இங்க பாரு, விடறதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு"ன்னு சொல்லிக் குடுத்தேன். "யோசிக்கக் கூடாது. ஹால் டிக்கெட் வாங்கற வரிசையில நிக்கும்போதே ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு கிளம்பணும். டீக்கடையிலேருந்து பஸ் ஸ்டாண்டு தெரியும். அவ்ளோதான். திரும்பிப் பார்க்காத. பார்த்தா கேன்டீன் மாஸ்டர் கை காட்டுவாரு, அப்புறம் போக முடியாது."

நீ திரும்பிப் பார்த்தியான்னு கேக்கற மாதிரி கணுக்காலைச் சும்மா பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் பேச்சை மாத்திட்டேன்.

அந்த ரெண்டு மூணு மாசத்தை நினைச்சா இப்பவும் மூக்குல கம்ப்ரஸர் புகையும் ஈர ரப்பர் வாசனையும் சேர்ந்து வரும். மத்தியானம் சென்சு ரொட்டியை ரெண்டாப் பிளந்து, தக்காளியைத் தேச்சு, சூரை மீனை அடைச்சுக் குடுப்பாரு. நான் அதைக் கொண்டு போய்ப் பாறை மேல உட்கார்ந்து, காலைத் தண்ணியில தொங்கப் போட்டுக்கிட்டு சாப்பிடுவேன். என் கால் இருக்கற இடத்துல மட்டும் பதினாலு ரெண்டு டிகிரி சூடா வச்சிருக்கும். அதுக்கு சிலபஸ் புக்கை வாசிச்சுக் காட்டுவேன். 'அலையின் கடமைகள்'னு ஒரு பாடம். ரெண்டு பேருக்குமே தூக்கம் வந்துரும். எழுந்து பார்த்தா புக்கு தண்ணிக்குள்ள இருக்கும், பக்கம் மாறாம திறந்து கிடக்கும், ரெண்டு குட்டி மீன் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும். ஹாஸ்டல்ல பரீட்சைக்கு முந்தின நாள் இப்படித்தான் நாங்க அஞ்சு பேரும் ஒரே புக்கைச் சுத்திப் படுத்திருப்போம். படிச்சது ஒண்ணும் ஞாபகம் இல்ல. படுத்திருந்தது ஞாபகம் இருக்கு.

ஒரு நாள் அதுகிட்ட கேட்டேன். "பாஸாகணும்னு உனக்கு ஆசையா?"

ஒரு தடவை இழுத்துச்சு.

"பாஸானா இங்கிருந்து போயிரணும், தெரியும்ல?"

ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு தடவை.

ஃபெயிலானா மேல தார் போட்டு வெள்ளைக் கோடு போடுவாங்க. பாஸானா போயிரும். ரெண்டுலயும் எனக்கு இது கிடையாது. ஆனா ஒண்ணுல அது எங்கயாவது தண்ணியா இருக்கும். அதனால பாடத்தைத் தொடர்ந்தோம்.

அதுக்குள்ள சென்சுகிட்ட டைவிங் கத்துக்கிட்டு, ஆகஸ்ட் கடைசியில நானே பாடமா இறங்கினேன். தினமும் காலையில உள்ள போவேன், நாப்பது நிமிஷத்துல திருப்பித் தரணும். முதல் நாள் அஞ்சு மணி நேரம். அடுத்த நாள் மூணு. அப்புறம் ஒண்ணரை. ஒரு வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டே நிமிஷத்துல கொண்டு வந்து கரையில நிறுத்திட்டு, முதுகைத் தட்டி அனுப்பிச்சு. எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. சென்சு பார்த்துட்டு, "வாத்தியாருக்கு இப்படித்தான் ஆகும்"னு ரொட்டியை நீட்டினாரு.

பரீட்சைக்கு ஆள் வேணும். கடல்ல தலையை நனைக்காத ஆளை ஒரு தீவுல எங்க போய்த் தேடறது? அங்க குழந்தைங்க நடக்கறதுக்கு முன்னாடி நீந்துது. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆள் பூங்கோதை அக்காதான். ஈரோட்டுப் பக்கம். தீவுல ஒரு முதியோர் இல்லத்துல ஒன்பது வருஷமாப் பராமரிப்பு வேலை. வயசானவங்க கட்டில்ல ஆளுக்கு ஒரு பெல் இருக்கும். யார் அழுத்தினாலும் அக்கா ஓடணும். நான் போய்ப் பேசினப்போ காய்ஞ்ச துணியை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"அட போ சாமி. ஒன்பது வருசமா நாலு பக்கமும் கடலு. நான் ஒரு பக்கமும் போகல. என்ற தலையில தண்ணி பட்டா சைனஸ் வந்துரும்."

"அக்கா, ஆறு மீட்டர்தான்."

"என்ற உசரம் என்ன தெரியுமா? அஞ்சடி. மிச்சத்துக்கு யாரு நிப்பா?"

"நான் கூட இருப்பேன்."

"நீயா? நீ எதையும் முழுசா முடிச்சதே இல்லைன்னு ஊரே சொல்லுது. பாதியில என்னை உள்ள விட்டுட்டு வந்தீன்னா?"

"இது மூணாவது அட்டெம்ப்ட்டுக்கா. ஃபெயிலானா மூடிருவாங்க."

துணி மடிக்கறதை நிறுத்தினாங்க. "எதை மூடுவாங்க?"

"வளைகுடாவை. பார்க்கிங் ஆக்கிருவாங்க."

"அட பாவமே. எவ்ளோ பெருசு?"

"நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு அளவு."

பதிலுக்குக் கருவேப்பிலை கேட்டாங்க. கடைக்குப் பின்னாடி, கம்ப்ரஸர் ரூம் நிழல்ல நான் ஒரு கருவேப்பிலைச் செடி வளர்த்துக்கிட்டு இருந்தேன். தீவுலயே அது ஒண்ணுதான். அதுல ஒரு முழுக் கொப்பு தர்றதா ஒத்துக்கிட்டேன். "வியாழக்கிழமைதான் எனக்கு லீவு. அன்னைக்கு வைக்கச் சொல்லு"ன்னாங்க. வாரியமும் வியாழக்கிழமையே வச்சுச்சு.

பரீட்சை மேடம் பேரு கிராட்சியா. குடையும் ஸ்டாப்வாட்சும் கொண்டு வந்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. பதினாலு ராத்திரி முழுக்கத் தூங்கலைன்னு நினைக்கிறேன். மணல் எல்லாம் சீவி விட்ட தலை மாதிரி வரி வரியா இருந்துச்சு. பக்கத்து வளைகுடாலேருந்து ஒரு ஆக்டோபஸ்ஸைக் கைமாத்தா வாங்கி நடுவுல உட்கார வச்சிருந்துச்சு.

அக்காவுக்கு ரப்பர் டிரெஸ்ஸை மாட்டுறதுக்குள்ள சென்சுவுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. அக்கா உள்ளேருந்து கத்தினாங்க. "ஏந்தம்பி, இது டிரெஸ்ஸா, கொழுக்கட்டைத் துணியா? மூச்சு விடணும்ல?"

"மூச்சுக்கு இந்தக் குழாய் இருக்குக்கா. வாயால விடணும்."

"மூக்கு எதுக்கு இருக்கு?"

"அது கண்ணாடிக்குள்ள இருக்கும். முதல்ல கண்ணாடியில துப்புங்க."

"என்னது?"

"எச்சி துப்பித் தேச்சாத்தான் ஆவி படியாம இருக்கும்."

"அந்த அம்மா பரீட்சை நடத்துது, அது முன்னாடி துப்பச் சொல்றயா?" ஆனா நாசூக்காத் திரும்பி நின்னு துப்பினாங்க. இடுப்புல ஈயக் கட்டி பெல்ட். முதுகுல சிலிண்டர். கால்ல துடுப்பு. துடுப்பு போட்டா முன்னாடி நடக்க முடியாது, தடுக்கி விழுவோம். பின்னாடிதான் நடக்கணும். அதனால கரையிலேருந்து டைவிங் போறவங்க எல்லாரும் கரையைப் பார்த்துக்கிட்டேதான் கடலுக்குள்ள போவாங்க. அக்காவும் சென்சுவையும் மேடத்தையும் கள்ளிச் செடியையும் பார்த்து முறைச்சுக்கிட்டே, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடியாப் பின்னாடி போனாங்க. தண்ணி மார்புக்கு வந்ததும் என்னமோ சொன்னாங்க. வாயில குழாய் இருந்ததால கெட்ட வார்த்தையான்னு தெரியல.

அப்புறம் உள்ள.

முதல் அஞ்சு நிமிஷம் அக்கா என் கையை ஒடிச்சுப் போடற மாதிரி பிடிச்சிருந்தாங்க. பதினாலு அவசரப்படல. ஒரு மீட்டர்ல நிறுத்தி வச்சுச்சு. காதுக்குப் பழகினதும் ரெண்டு மீட்டர். வெள்ளி நிறத்துல குட்டி மீன் கூட்டம் ஒண்ணு அக்காவைச் சுத்தி வந்து, வணக்கம் வச்சிட்டு ஒதுங்குச்சு. அக்கா பிடியைத் தளர்த்தினாங்க. கடல்புல்லுக்கு மேல போனோம். வெயில் ஜன்னல் கம்பி மாதிரி இறங்கி மணல்ல ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஆக்டோபஸ் தனக்குச் சொல்லிக் குடுத்தபடி நிறம் மாறிக் காட்டுச்சு. அக்கா கை தட்டினாங்க. சத்தம் வரல, ஆனா தட்டினாங்க. ஆறு மீட்டர்ல மணல் ஒரு முற்றம் மாதிரி விரிஞ்சிருந்த இடம் வந்ததும் அக்கா என் கையை விட்டாங்க. போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க.

முப்பது நிமிஷம் ஆச்சு. முப்பத்தஞ்சு. கட்டை விரலை மேல காட்டி, ஏறலாம்னு சைகை பண்ணினேன். அக்கா மாட்டேன்னு தலையை ஆட்டினாங்க. தண்ணிக்குள்ள எழுதுற பலகை ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. எழுதிக் காட்டினேன்.

'போகணும்.'

பென்சிலை வாங்கி எழுதினாங்க. 'பெல் அடிக்கல.'

'இங்க பெல் கிடையாது.'

அதைப் படிச்சாங்க. ரொம்ப நேரம் படிச்சாங்க. அப்புறம் கீழ எழுதினாங்க. 'அப்ப இருக்கேன்.'

நான் அவங்க காத்து அளவைப் பார்த்தேன். இருநூறுல தொடங்கின முள்ளு அறுபதுக்கு வந்திருந்துச்சு. அம்பதுல கிளம்பியே ஆகணும். கையைப் பிடிச்சு இழுத்தேன். அக்கா ஒன்பது வருஷமா ஆளைத் தூக்கி உட்கார வைக்கற வேலை பார்த்தவங்க. அசையல. கண்ணாடிக்குள்ள கண்ணை மூடிக்கிட்டாங்க. அவ்வளவு நிம்மதியா ஒரு மூஞ்சியை நான் கரையில பார்த்ததில்ல.

இது யாரும் சொல்லிக் குடுக்காத கேள்வி. போறேன்கிறவங்களை விடறதுக்குத்தான் மூணு மாசம் பாடம் நடத்தியிருந்தேன். போக மாட்டேன்னு உட்கார்ந்திருக்கறவங்களைப் பத்தி எனக்கே தெரியாது. நான் இருந்த இடத்துல எல்லாம் போங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல, அதுக்கு முன்னாடியே கிளம்பியிருக்கேன். பதினாலுக்கோ இதை விடப் பிடிச்ச விஷயம் வேற இருக்க முடியாது. எழுநூறு வருஷத்துல, 'இருக்கேன்'னு தானாச் சொன்ன முதல் ஆள் அக்காதான். அது சும்மா இருந்தாலே போதும்.

என் கணுக்காலைப் பிடிச்சுச்சு. ஒரு தடவை இழுத்துச்சு. அப்புறம் இன்னொரு தடவை. ஆமாவா இல்லையான்னு என்கிட்ட கேக்கற மாதிரி பிடிச்சபடியே நின்னுச்சு. என் வாயில குழாய் இருந்துச்சு. நான் என்ன சொல்ல முடியும்? என் காலை மட்டும் மெதுவா விடுவிச்சுக்கிட்டேன்.

அப்போ வெளிச்சம் கூடுச்சு.

முதல்ல எனக்குப் புரியல. மேல இருந்த கூரை இறங்கி வந்துக்கிட்டு இருந்துச்சு. நாங்க ஏறல, தண்ணி இறங்குச்சு. அவசரம் இல்லாம, நிமிஷத்துக்கு ஒரு மீட்டர், விதியில சொல்லியிருக்கற வேகத்துக்கு உள்ளேயே. நிக்கறவன் நான், முதல்ல என் தலை வெளிய வந்துச்சு. அப்புறம் தோள். அப்புறம் அக்காவோட தலை, சிலிண்டர், மடியில வச்சிருந்த பலகை. கடைசியில மணல். பதினாலு பின்னாடியே நடந்து போயி, ரெண்டு பாறைக்கும் வெளிய, வாசல்ல நிக்கற விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்னுச்சு. அந்தக் கடல்ல தண்ணி ஏறி வத்தற ஏத்தவத்தம் பேருக்குத்தான். அதனால இப்படி முழுசா வத்தக் கூடாதுன்னு புக்குல எங்கயும் எழுதல.

அக்கா வெயில்ல சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்துல ஆக்டோபஸ். கண்ணைத் திறந்து, வாயிலேருந்து குழாயை எடுத்தாங்க.

"ஏந்தம்பி, தண்ணி எங்க?"

"தள்ளி நிக்குதுக்கா. நீங்க கிளம்பணுமாம்."

அக்கா வாசல் பக்கம் பார்த்தாங்க. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே எந்திரிச்சிருப்பேன்ல. இதுக்குப் போயி வூட்டையே காலி பண்ணிட்டு நிக்குது." எந்திரிச்சு, பின்னாடி ஒட்டின மணலைத் தட்டினாங்க. துடுப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நேரா கரைக்கு நடந்தாங்க. பாதி தூரத்துல ஒரு தடவை நின்னாங்க. திரும்பி, "நல்லா இருந்துச்சு சாமி, வாரேன்"ன்னு வாசலைப் பார்த்துச் சத்தமா சொன்னாங்க. அவங்க கரையேறினதும்தான் பதினாலு உள்ள வந்துச்சு.

கரையில சண்டை நடந்துக்கிட்டு இருந்துச்சு. சென்சுவுக்கே சந்தேகம் வந்துருச்சு. "அது ஆளைக் கரைக்குக் கொண்டு வரலையே மேடம்?"

கிராட்சியா மேடம் விதியை எடுத்து விரலை வச்சுப் படிச்சாங்க. "'ஆளும் கரையும் சேர வேண்டும்.' யார் யார்கிட்ட போகணும்னு இல்ல. இது கரையை ஆள்கிட்ட கொண்டு போயிருக்கு. நாப்பத்தி நாலு நிமிஷம். லேட்டான நாலு நிமிஷத்துக்கு மார்க் குறையும்." ஸ்டாப்வாட்சை அமுக்கி, அம்பத்திரண்டு மார்க் போட்டாங்க. அம்பது பாஸ்.

நான் ரப்பர் டிரெஸ்ஸைக்கூடக் கழட்டாம ஓடிப் போய்த் தண்ணியில விழுந்தேன். பதினாலு என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுச்சு. அலை பேப்பர்ல முப்பத்தஞ்சு வாங்கின ஆளு போட்ட அலை அது. சென்சு கடையிலேருந்த ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எல்லாம் உடைச்சாரு. அக்கா கருவேப்பிலைக் கொப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, தலையைத் துவட்டிக்கிட்டே, "சைனஸ் ஒண்ணும் வரல பாரு"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க. அவங்க ஃபோன் அதுக்குள்ள ரெண்டு தடவை அடிச்சிருச்சு. லீவு நாள்லயும் கூப்பிடுவாங்களாம். மூணாவது தடவை அடிச்சப்போ எடுத்தாங்க. எடுத்து, "நான் கடல்ல இருக்கேன்"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

பத்து நாள்ல போஸ்டிங் ஆர்டர் வந்துச்சு. துருக்கிப் பக்கம் ஏதோ ஒரு ஊர்ல பெரிய வளைகுடா ஒண்ணு ரிட்டயர் ஆகுதாம். கப்பல் எல்லாம் வந்து நிக்கற இடம். பொறுப்பான வேலை. அக்டோபர் முதல் வாரம், ஒரு காலை நேரம், பதினாலு கிளம்புச்சு. கடல்புல்லைப் பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டிக்கிச்சு. ஆக்டோபஸ்ஸைப் பக்கத்துல திருப்பிக் குடுத்துட்டு வந்துச்சு. மீன்கள் முன்னாடி போக, இது பின்னாடி. சென்சு தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு.

நான் கணுக்காலளவு தண்ணியில நின்னேன். ஏதாவது ஜோக் சொல்லலாம்னு பார்த்தேன். ஒண்ணும் வரல. பொதுவா எனக்கு அது மட்டும்தான் வரும். பதினாலு கணுக்காலைப் பிடிச்சுச்சு. இழுக்கல. பிடிச்சிருந்துட்டு, அதுவா விட்டுச்சு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, திரும்பிப் பார்க்காம, பாறையைச் சுத்தி வளைஞ்சு போயிருச்சு. ஒருத்தர் போகும்போது கரையில நிக்கறவனா இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சேலத்துல கேன்டீன் மாஸ்டர் எவ்வளவு நேரம் கையைத் தூக்கினபடியே நின்னிருப்பாருன்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன்.

அடுத்த நாள் காலையில எட்டு மணிக்கு வந்தா, பதினாலு இருந்த பள்ளத்துல ஒரு வெள்ளை கார் நின்னுக்கிட்டு இருந்துச்சு. யாரோ வேலைக்குப் போற அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க. சென்சு காரைச் சுத்தி வந்தாரு.

"இடம் காலியா இருந்தா இப்படித்தான். இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு கோடு போட்டுருவாங்க."

"புது ட்ரெய்னி எப்போ வரும்?"

"வாரியத்துல கேட்டேன். அடுத்த பேட்ச் பிறக்கணுமாம். அது வரைக்கும் யாராவது இடத்தைப் பிடிச்சு வச்சாகணும்." என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "உனக்கு இப்போ வேற வேலை ஒண்ணும் இல்லையே?"

இல்லைதான். தற்காலிக வளைகுடா வேலைக்கான வாரியத்து ஃபாரத்துல ரெண்டே கேள்வி. முழுப் பெயர். ஈரத்துல எவ்வளவு நேரம் இருக்க முடியும். கல்வித் தகுதி கேக்கல. கார்க்காரரு சாயங்காலம் வந்து வண்டியை எடுத்ததும் நான் பள்ளத்துல இறங்கிப் படுத்தேன். தலை ஒரு பாறையில, கால் ஒரு பாறையில. சென்சு மேலேருந்து, "வளைஞ்சு படு, வளைஞ்சு படு. நேராப் படுத்தா அது கால்வாய்"னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. சரியான வளைவு வர்றதுக்குக் கொஞ்ச நேரம் பிடிச்சுச்சு. வந்ததும் இடுப்பு வரைக்கும் தெளிஞ்ச தண்ணியாயிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு ஜெர்மன்கார அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் டைவிங். சென்சு சிலிண்டரை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, கண்ணாடியில துப்பச் சொல்லிக் குடுத்தாரு. கையைக் கோத்துக்கிட்டு, கரையைப் பார்த்தபடி பின்னாடி நடந்து இறங்கினாங்க. முழங்காலளவு வந்ததும் அந்த அம்மா நின்னு, "பரவாயில்ல, இதமாத்தான் இருக்கு"ன்னாங்க.

நான் வயித்தை உள்ள இழுத்து, ஆறு மீட்டர் ஆழம் குடுத்தேன்.